எதிரியிடம் இருந்த குரல்

டாக்டர் நறுமுகையைத் தேடி உலக சமாதானம் வந்தபோது, அவள் ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பல்லின் சொந்தக்காரர் தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருப்பவர். வாயைப் பிளந்தபடி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார்.

சமாதானம் மூன்று கார்களில் வந்திருந்தது. முன் காரில் துப்பாக்கி, பின் காரிலும் துப்பாக்கி, நடுக் காரில் வெளியுறவுத் துறை இணைச் செயலாளர் ரித்விக். நாற்பது வயதிருக்கும். தேசத்தின் கவலை முழுவதையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி, பையின் மேல் ஒரு கையை வைத்தபடியே உள்ளே நுழைந்தார்.

“மேடம், கூட்டரசின் சார்பில் ஒரு அவசர வேண்டுகோள்…”

“செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க தம்பி. இது ஊசி போடுற இடம்.”

ரித்விக் வாசலுக்குப் போய் ஷூவைக் கழற்றினார். காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. வல்லரசின் கட்டைவிரல்.

இந்தக் கதை நடக்கும் காலத்தில் உலகத்தில் இரண்டே வல்லரசுகள். ஒன்று வடதுருவ ஒன்றியம். இன்னொன்று தென்கடல் கூட்டரசு, அதாவது நாம். ஆமாம், ஒருவழியாக ஆகிவிட்டோம். மேடைக்கு மேடை ஆவோம் ஆவோம் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, ஆனபிறகு என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அதனால் மற்றவர்கள் செய்ததையே நாமும் செய்தோம். வானத்தில் கண்ணி வைத்தோம். அவர்களும் வைத்திருந்தார்கள். பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும் குண்டுகள். பொத்தானை அழுத்தினால் டீ ஆறுவதற்குள் எந்த ஊர் மேலும் வந்து இறங்கும். மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பார்த்தால் நட்சத்திரங்களுக்கு நடுவே அவை சாரை சாரையாக நகர்வது தெரியும். தெருப்பிள்ளைகள் அவற்றுக்குப் பெயரெல்லாம் வைத்திருந்தார்கள்.

அந்தக் கண்ணிகளைக் கீழே இறக்க ஒரு ஒப்பந்தம். அதைப் பேசிப் பேசியே நறுமுகையின் புருஷன் இளம்பரிதி பாதி ஆயுசைக் கழித்திருந்தார். கூட்டரசின் தலைமைத் தூதர். வருஷத்தில் பாதி நாள் மத்திய ஆசியாவில், பேச்சுவார்த்தை நடக்கும் ஏரிக்கரையில். மீதி நாள் வீட்டில், அடுத்த பேச்சுவார்த்தையைப் பற்றிய யோசனையில். இரண்டு மாதம் முன்பு அந்த ஏரிக்கரையிலேயே, ராத்திரி படுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

கொடி போர்த்தி அனுப்பிவைத்தார்கள். அதற்கு முன்பே பாதுகாப்புப் பிரிவு வீட்டுக்கு வந்துவிட்டது. அவருடைய போன், அவளுடைய போன், கம்ப்யூட்டர், அலமாரியில் கிடந்த பழைய நினைவுத் தட்டுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தலைமைத் தூதரின் குரல் அரசு ரகசியமாம். எதிரி கையில் கிடைத்துவிடக் கூடாதாம். எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தது, துடைத்துச் சுத்தமாக. கல்யாண வீடியோவைக்கூட விட்டுவைக்கவில்லை. அதில் நாதஸ்வரம் கேட்டது, நறுமுகையின் அத்தை யாரையோ அதட்டுவது கேட்டது, மாப்பிள்ளை மட்டும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

“எல்லா ஷரத்தும் முடிஞ்சிடுச்சு மேடம். கடைசி ஒண்ணுதான் பாக்கி” என்றார் ரித்விக். “எதிர்த்தரப்புத் தூதர் ஹால்வார் அதுல மட்டும் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். காரணமும் சொல்ல மாட்டேங்கிறார். உங்ககிட்டதான் பேசுவாராம்.”

“நான் பல் டாக்டர்.”

“தெரியும் மேடம். அதுக்கும் ஒரு கமிட்டி போட்டோம். உளவியல் போரா இருக்கலாம், இல்லேன்னா அவருக்குப் பல்வலியா இருக்கலாம்னு ரெண்டு கருத்து வந்திருக்கு.”

நறுமுகை கையுறையைக் கழற்றினாள். இளம்பரிதி கடைசியாகப் படுத்த அறையை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதமாக மனு மேல் மனு போட்டிருந்தாள். பாதுகாப்புக் காரணங்களால் இயலாது என்று அழகான தமிழில் பதில் வந்திருந்தது. இப்போது அதே அரசாங்கம் ஓட்டைக் காலுறையோடு வந்து நிற்கிறது.

உப்பளக்காரர் எழுந்து எச்சில் துப்பினார். “போயிட்டு வாங்க டாக்டரம்மா. பல்லு எங்க ஓடிப்போயிரும்?”

*

விமானத்தில் ரித்விக் கோட்டைக் கழற்றினார். கோட்டில்லாமல் பார்த்தால் நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார்.

“நிழல்னு ஒண்ணு சொல்லுவாவளே தம்பி, அது என்னது? எங்க வீட்டுக்காரவிய போன்ல ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்காவ. என்னன்னு கேட்டா, அரசு ரகசியம்ட்டு இருமுவாவ.”

“இனிமே ரகசியம் என்ன மேடம், அதான் கடைசி ஷரத்தே. எதிர்த்தரப்புல பேசுற ஆளோட பேச்சு, எழுத்து, இருமல், தும்மல் எல்லாத்தையும் சேகரிச்சு ஒரு இயந்திரத்துக்குள்ள ஊட்டுவோம். அது அவர் மாதிரியே பேச ஆரம்பிச்சிடும். நாளைக்கு அவர்கிட்ட கேட்கப்போறதை இன்னைக்கே அதுகிட்ட கேட்டுப் பாத்துக்கலாம். ஒத்திகை மாதிரி.”

“அவங்களும் வச்சிருக்காவளா?”

“சாரோட நிழல் அவங்ககிட்ட, ஹால்வாரோடது நம்மகிட்ட.”

“அப்பம் நேர்ல எதுக்கு உக்காருதீய?”

“சாரும் இதையேதான் கேட்டார்!” ரித்விக்கின் குரலில் உண்மையான மரியாதை வந்தது. “ரெண்டு பக்கமும் பதிலை முன்கூட்டியே தயார் பண்ணிட்டு வந்து உக்காந்தா, யாரும் யார் சொல்றதையும் காதுல வாங்கறதில்ல. இவன் ஏமாத்துவான்னு நம்ம பெட்டி சொல்லும். இவங்க ஏமாத்துவாங்கன்னு அவங்க பெட்டி சொல்லும். உடனே ரெண்டு பேரும் வானத்துல இன்னும் நாலு கண்ணி ஏத்துவாங்க. அதனால சார் ஒரு ஷரத்து எழுதினார். நிழல்களை ரெண்டு தரப்பும் அழிச்சிடணும். எதிர்ல இருக்கறவன் என்ன சொல்வான்னு தெரியாமதான் இனிமே வந்து உக்காரணும். அப்பதான் கேக்கத் தோணும்னார்.”

“நம்ம மந்திரிமாரு ஒத்துக்கிட்டாவளா?”

ரித்விக் கொஞ்சம் நெளிந்தார். “நம்ம நிழல் சரியா அமையல மேடம். ஹால்வாரோட மேடைப் பேச்சுகளை மட்டும்தான் ஊட்டினோம். வேற எதுவும் கிடைக்கல. காபியா டீயான்னு கேட்டாக்கூட ‘எங்கள் மாவீரர்களின் தியாகம்’னு ஆரம்பிச்சிடுது. அதனால அழிக்கறதுல நமக்கு ஆட்சேபணை இல்லை.”

நறுமுகை சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

“அவங்ககிட்ட இருக்கிற நிழல், அவிய குரல்லயே பேசுமா?”

“அச்சு அசல் சார் குரல். அதானே ஆபத்து.”

“ஹால்வார் கையெழுத்துப் போட்டுட்டா?”

“போயிடும் மேடம். சுத்தமா. திரும்ப எடுக்கவே முடியாது. அதுக்குத்தானே நாம போறோம்” என்று சொல்லிவிட்டு, ஊக்கம் தருவதாக நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நறுமுகை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உலகத்தில் அந்தக் குரல் ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது, எதிரியிடம். அதைத் துடைத்துப் போடச் சொல்லிக் கேட்கத்தான் அவளை இவ்வளவு மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

*

இரண்டு தலைநகரங்களுக்கும் சரிசமமான தூரத்தில்தான் பேச வேண்டும் என்று ஒரு காலத்தில் நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தப் புள்ளி இசிக் குல் ஏரிக்கு நடுவில் போய் விழுந்தது. தண்ணீருக்குள் மேஜை போட முடியாததால் கரையிலிருந்த ஒரு பழைய சுகவாச விடுதி தேர்வானது. மூட்டுவலிக்காரர்கள் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு கிடந்த கூடம்தான் மாநாட்டு மண்டபம். சேற்றைக் கழுவிவிட வசதியாகத் தரையைச் சாய்வாகக் கட்டியிருந்தார்கள். இதனால் ஒரு வல்லரசின் நாற்காலி இன்னொரு வல்லரசின் நாற்காலியைவிட இரண்டு விரல்கடை தாழ்ந்துபோனது. அதைச் சரிக்கட்டக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆயிற்று என்று இளம்பரிதி சொல்லியிருந்தார். கடைசியில், பேச்சுவார்த்தைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தச்சர் சாப்பாட்டு நேரத்தில் வந்து நாற்காலிக் கால்களை அறுத்துவிட்டுப் போனாராம்.

நறுமுகை எந்தத் தகுதியில் உள்ளே போவது என்பதில் அடுத்த சிக்கல் முளைத்தது. விதவை என்ற பதவிக்கு நெறிமுறையில் இடமில்லை. சிறப்புத் தூதர் என்றால் அவர்கள் பக்கமும் ஒரு சிறப்புத் தூதர் வேண்டும். மருத்துவ ஆலோசகர் என்று போட்டால் ஹால்வாருக்கு உடம்பு சரியில்லை என்று பத்திரிகைகள் எழுதிவிடும். இரண்டு தரப்பு அதிகாரிகளும் தாழ்வாரத்தில் நின்று இதையே பேசிக்கொண்டிருக்க, நறுமுகை ஒரு துப்புரவுப் பெண்ணிடம் கையால் ஜாடை காட்டி வழி கேட்டு, ஹால்வார் தங்கியிருந்த பழைய மசாஜ் அறையின் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் தெருவிளக்குக் கம்பம் மாதிரி நெட்டையாக, மேலே மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். முன்பல் இரண்டும் சொந்தப் பல், மற்றது கட்டியது என்று நறுமுகையின் கண் தானாகவே குறித்துக்கொண்டது.

“வாங்க மதினி” என்றார் ஹால்வார். “பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? சாப்ட்டியளா?”

மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்த ரித்விக் அப்படியே நின்றுவிட்டார். எதிர்த்தரப்புத் தூதருக்குத் தமிழ் தெரியும் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. அதிலும் தூத்துக்குடித் தமிழ். ரித்விக்கின் சென்னைத் தமிழைவிட அது ஊர்த் தமிழாக இருந்தது.

“தம்பி, நீங்க வெளிய இருங்க” என்று நறுமுகை கதவைச் சாத்தினாள்.

அறையில் ஒரு மசாஜ் கட்டில், இரண்டு முக்காலி, மூலையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெட்டியைப் பார்க்காமல் இருக்க அவள் முயற்சி செய்தாள்.

“தமிழ் எங்க படிச்சீய?”

“உங்க வீட்டுலதான்” என்றார் அவர். “அவிய இங்கன இருந்து சாயங்காலம் சாயங்காலம் உங்களுக்குப் போன் போடுவாவல்லா. அதை ஒட்டுக்கேட்டுக் கேட்டுப் படிச்சது. முதல்ல மொழிபெயர்ப்புக்கு ஆள் வச்சிருந்தோம். அந்தப் பய நீங்க சண்டை போடுத நேரமெல்லாம் ‘பொதுவான உரையாடல்’னு எழுதிக் குடுத்தான். எனக்கு நம்பிக்கை வரல. நானே கத்துக்கிட்டேன்.”

நறுமுகைக்கு நினைவு வந்தது. போன் ஒட்டுக்கேட்கப்படுகிறது என்பது அவளுக்கும் தெரியும், இளம்பரிதிக்கும் தெரியும். வைக்கும்போது, “ஒட்டுக்கேக்கிற தம்பிமாரே, நேரமாச்சு, நீங்களும் போய்ச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பாள்.

“நான்தான் மதினி அந்தத் தம்பி” என்றார் ஹால்வார். “அப்பமே எனக்கு அம்பது தாண்டிட்டு. எங்க வீட்டுல அப்படிக் கேக்க ஆளு கிடையாது. நீங்க சொன்னபொறகுதான் எந்திச்சுப் போய்ச் சாப்பிடுவேன். ஒருநாள் உங்களுக்கு என்ன கோவமோ, சொல்லாம வச்சிட்டீய. அன்னைக்கு முழுக்க எனக்கு ஒண்ணும் ஓடல.”

கோபப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. கோபம் வருவதற்குள் வேறொன்று வந்தது.

“அவிய குரல் உங்ககிட்ட இருக்காம்.”

“இருக்கு.”

“அதனாலதான் கையெழுத்துப் போடலையா?”

ஹால்வார் முக்காலியில் உட்கார்ந்தார். நீளமான கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் நீட்டினார்.

“எங்க ஊர்ல எனக்குப் பதக்கம் குடுத்திருக்காவ, தெரியுமா? இரும்பு மனுஷன்னு. கடைசி ஷரத்துல கூட்டரசை மண்டியிட வைக்கேனாம். நான் இங்க உக்காந்து என்ன செய்தேன்னா, பேனாவை எடுப்பேன், வைப்பேன். காலையில அந்தப் பெட்டியில அவியகூட சண்டை போடுவேன். சாயங்காலம் அவிய வீட்டுக்குப் போன் பேசுததைக் கேப்பேன். எங்காளுக ஒத்திகைன்னு நினைச்சுக்கிட்டாவ. ஒத்திகை என்ன, இருபது வருஷமா தினமும் என்கிட்ட பேசுன ஒரே ஆளு அவியதான். இதுல கையெழுத்துப் போட்டா நானே அவியளை இன்னொருக்க சாவடிச்ச மாதிரி.”

வெளியே தாழ்வாரத்தில் நறுமுகையின் பதவி குறித்த விவாதம் சூடு பிடித்திருந்தது.

“அந்த முடிவை நான் எடுக்கக் கூடாதுன்னு பட்டுச்சு” என்றார் ஹால்வார். “உரிமை உங்களுக்குத்தான். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் மாட்டவே மாட்டேன்னு எங்க அரசாங்கத்துக்கு எழுதிருதேன். இன்னொரு பதக்கம் குடுப்பாவ. நீங்க வருஷத்துக்கு ஒருக்க பல்லு பாக்க வாரேன்னு சொல்லிட்டு இங்கன வந்து கேட்டுட்டுப் போலாம்.”

“மேல சுத்துதே, அது?”

“அது சுத்தும். விழாமலே இருந்தாலும் இருக்கும்.”

நறுமுகை கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருஷத்துக்கு ஒருதரம். அது ரொம்பவும் சின்ன ஆசைதான். அதற்கு விலையாக உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு கண்ணிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

“இன்னொண்ணு சொல்லணும்” என்றார் அவர். இப்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அதைச் சொல்லாம உங்ககிட்ட சம்மதம் கேக்கது அநியாயம். உள்ள அவிய மட்டும் இல்ல. முதல்ல அவியளை மட்டும்தான் செஞ்சோம். கணிப்பு எல்லாம் தப்பாவே போச்சு. சாயங்காலம் முறைச்சுட்டுப் போற மனுஷன் காலையில வேற ஆளா வருவாவ. பிடிவாதம் பிடிச்ச இடத்துல விட்டுக்குடுப்பாவ. என்னன்னே புரியல. பொறகுதான் தெரிஞ்சுது, நடுவுல உங்ககிட்ட போன் பேசியிருக்காவ. நீங்க இல்லாம அவிய கணக்குக்கு வரமாட்டேங்காவ. அதனால…”

“அதனால?”

“உங்களையும் செஞ்சோம்.”

கோபம் இப்போது வந்தது, நன்றாகவே.

“யாரைக் கேட்டுச் செஞ்சீய?”

“யாரையும் கேக்கல. ஒற்றன் கேப்பானா?”

“என்னோட பேச்சு, என்னோட வீடு, என் புருஷன்கிட்ட நான் பொலம்புனது எல்லாத்தையும் எடுத்து ஒரு பெட்டிக்குள்ள வச்சு இருபது வருஷமா… வெக்கமா இல்ல உங்களுக்கு?”

“இருக்கு” என்றார் ஹால்வார். “அதுக்குத்தான் தமிழ்ல சொல்லுதேன். எங்க பாஷையில சொன்னா சட்டபூர்வமானதா ஆயிரும்.”

நறுமுகை முக்காலியை இழுத்துப் பெட்டி முன்னால் போட்டு உட்கார்ந்தாள். “போடுங்க” என்றாள்.

*

தொலைபேசி மணி இரண்டு முறை அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

“முகை, சாப்ட்டியா?”

இரண்டு மாதமாகத் தூக்கத்தில் தேடியும் கிடைக்காத குரல். தொண்டையில் அந்தக் கரகரப்பு. ‘முகை’யில் அந்தச் சின்ன இழுப்பு. நறுமுகை இரண்டு கைகளையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ஆச்சு. நீங்க?” என்றது இன்னொரு குரல். ஒரு கணம் கழித்துத்தான் அது தன் குரல் என்று அவளுக்குப் பிடிபட்டது. இவ்வளவு வெடுக்கென்றா பேசுகிறோம் என்று ஆச்சரியமாக இருந்தது.

ஹால்வார் புரிந்துகொண்டவர் போல, “கொஞ்சம் கொறச்சுத்தான் வச்சிருக்கோம்” என்று முணுமுணுத்தார்.

“இங்கன என்ன, அதே உருளைக்கிழங்குதான். பொரிச்சா ஒரு பேரு, வேகவச்சா ஒரு பேரு.”

“இருமல்?”

“நல்லாருக்கு.”

“நான் உங்களைக் கேட்டேன். இருமல் நல்லாத்தான் இருக்கும்.”

அந்தச் சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக, அப்புறம் இருமலாக மாறி, கடைசியில் மறுபடி சிரிப்பாக. நறுமுகை கண்ணை மூடிக்கொண்டாள். மோட்டார் ரிப்பேரானதைப் பற்றிப் பேசினார்கள். கிளினிக்குக்கு வந்து கடித்துவைத்த ஒரு பையனைப் பற்றிப் பேசினார்கள். இது எதுவுமே நடந்ததில்லை. ஆனால் நடந்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார்கள்.

“எப்பம் வாரீய?”

“அந்த ஒரு ஷரத்துதான் முகை. ஹால்வார் மட்டும் போட்டுட்டா மறுநாளே கிளம்பிருவேன்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீய.”

“நேத்தும் அவன் போடல.”

“அந்தாளுக்கு வீடு வாசல் கிடையாதா?”

“கிடையாது. அதான் அவனுக்கு அவசரமில்ல. பாவம், அவனைத் திட்டாத.”

ஹால்வார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் இருந்தவள் ஒட்டுக்கேட்கும் தம்பியைச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

“நாளைக்கும் இப்படித்தான் பேசுவாவளா?” நறுமுகையின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“மோட்டாருக்குப் பதிலா மிக்ஸி ரிப்பேராகும். வேற பையன் வந்து கடிப்பான். அந்த ‘எப்பம் வாரீய’ மட்டும் மாறாது. ரெண்டு மாசமா அதேதான். உள்ள காலம் அந்த ஷரத்தோட நின்னுட்டு.”

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். பனிமலைகளுக்கு நடுவில் ஏரி உறையாமல் கிடந்தது. எவ்வளவு குளிரிலும் அது உறையாது என்று இளம்பரிதி சொல்லியிருக்கிறார். குழந்தை மாதிரி அதில் அவருக்கு ஒரு பெருமை.

“வருஷத்துக்கு ஒருக்க வந்து கேட்டுட்டுப் போகச் சொல்லுதீய” என்றாள். “நான் வருவேன், கேப்பேன், போயிருவேன். அவிய இங்கனயே உக்காந்திருக்கணும். நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டு. அந்தப் பக்கம் ஒருத்தி காத்துட்டிருக்கணும். அவளை எனக்குத் தெரியும். அலுத்துக்கிட்டு, திட்டிக்கிட்டு, காரியத்தைப் பாத்துட்டு இருக்க மாதிரி இருப்பா. தெருவுல கார்ச் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பா.” அவள் திரும்பினாள். “அந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்புங்க ஹால்வார்.”

“போட்டுட்டேன்னு இப்பமே அவியகிட்டச் சொல்லிருதேன்” என்று அவர் பெட்டியின் ஒலிவாங்கி பக்கம் கையை நீட்டினார்.

“முதல்ல போடுங்க. போடாம சொன்னா கண்டுபிடிச்சிருவாவ. நான் முப்பது வருஷம் முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன்.”

ஒப்பந்தத் தாள் ஹால்வாரின் பையில் இருந்தது, பேனா மாநாட்டு மண்டபத்தில் கிடந்தது. நறுமுகை மருந்துச் சீட்டு எழுதும் பேனாவை எடுத்துக் கொடுத்தாள், மூடியில் பற்பசைக் கம்பெனி விளம்பரம் போட்டது. இரண்டு வல்லரசுகளின் ஒப்பந்தம் மசாஜ் அறையில் ஒரு முக்காலியின் மேல், சிவப்பாக எழுதும் பேனாவில் கையெழுத்தானது. மறுநாள் இரண்டு வெளியுறவு அமைச்சர்களும் பறந்து வந்து, தங்கப் பேனாவும் வெல்வெட் விரிப்புமாக அதை இன்னொரு தடவை கையெழுத்திட்டார்கள். கேமராவுக்காக இரண்டு முறை கை குலுக்கினார்கள். ராணுவ வலிமையால் எதிரியைப் பணிய வைத்ததாக இரண்டு நாட்டு நாடாளுமன்றங்களிலும் மேஜையைத் தட்டினார்கள். நம் தரப்பில் ரித்விக் தலைமையில் ஹால்வாரின் நிழலை அழித்தபோது, அது மாவீரர்களின் தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்ததாம். கண்ணிகளைப் பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அதெல்லாம் பின்னால். அறையில் அப்போது மை காய்ந்துகொண்டிருந்தது.

ஹால்வார் ஒலிவாங்கியை எடுத்தார். பகல் பேச்சுகளில் இளம்பரிதியிடம் அவர் ஒருநாளும் தமிழ் பேசியதில்லை. இன்று பேசினார்.

“இளம்பரிதி, போட்டாச்சு.”

பெட்டிக்குள்ளிருந்து அந்தக் கரகரப்பு வந்தது.

“நெசமாவா?”

“நெசமா. உங்க வீட்டம்மா மேல சத்தியம்.”

“அப்பம் சரி” என்றது குரல். பிறகு மெதுவாக, “தமிழ் நல்லாத்தான் பேசுதீரு வே. கேட்டுட்டிருக்கது நீராத்தான் இருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு இது. முகைகிட்டயும் சொன்னேன். அதனாலதான் அவ சாப்பிடச் சொல்லுவா.”

ஹால்வார் நறுமுகையைப் பார்த்தார். கேள்வி அவர் கண்ணிலேயே இருந்தது: இது அவர் சொன்னதா, இல்லை பெட்டி தானாக இட்டுக் கட்டியதா? இளம்பரிதி அவளிடம் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருக்கக் கூடியவர்தான். நறுமுகை தலையை ஆட்டினாள், ஆமாம் என்பது போல. கிழவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே மணி அடித்தது. இந்தத் தடவை ஒரே மணியில் போன் எடுக்கப்பட்டது.

“முகை, முடிஞ்சுபோச்சு. போட்டுட்டான். கிளம்புதேன்.”

கேலி வரும், குத்தல் வரும் என்று நறுமுகை எதிர்பார்த்தாள். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, அவள் போனில் ஒருநாளும் காட்டிக்கொள்ளாத ஒரு குரலில், “சரி. பாத்து வாங்க” என்று வந்தது.

தொடர்பு அறுந்தது.

ஹால்வாரின் விரல், பெட்டியின் பக்கவாட்டில் நிழல்களை அழிப்பதற்கென்று இருந்த சிவப்பு விசையின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. “வேணும்னா, வீடு போய்ச் சேரட்டும் மதினி” என்றார். “கதவைத் தட்டட்டும். அதையும் ஒருக்கக் கேட்டுட்டு…”

“வீட்டுல, நேருக்கு நேரா நாங்க எப்படிப் பேசிக்குவோம்னு இதுக்குத் தெரியுமா?”

அவர் யோசித்தார். “தெரியாது. எங்களுக்குப் போன் மட்டும்தான் கிடைச்சுது.”

“நல்லது” என்றாள் நறுமுகை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அப்பம் இப்பமே அழிச்சிருங்க. அவிய வழியிலதான் இருக்காவ.”